எத்0: தீயில் பிறந்து வானேறிய பெயர்

லினக்ஸ் கணினியில் இணைப்பு அறுந்தால், விவரம் அறிந்தவர்கள் முனையத்தைத் திறந்து முதலில் தட்டும் கட்டளைகளுள் ஒன்று ‘ஐபி லிங்க்’. கணினியும் வலையமைப்பும் சந்திக்கும் வாயில்கள் எத்தனை, அவற்றுள் எது திறந்திருக்கிறது, எது மூடிக்கிடக்கிறது என்பதை அது வரிவரியாக எழுதிக் காட்டும். ஒவ்வொரு வரியின் தலையிலும் ஒரு பெயர் இருக்கும். முதலில் ‘லோ’, கணினி தனக்குத்தானே பேசிக்கொள்ளும் வாயில் அது. அடுத்து வருவதுதான் நாம் கம்பி செருகும் வாயில். பல்லாண்டுக் காலம் அதற்கு ‘எத்0’ என்று பெயர். இன்றைய கணினிகளில் ‘என்பி3எஸ்0’ என்பது போல நாவில் ஒட்டாத ஒரு பெயர். கோளாறு தேடி வருகிறவர் இவற்றை வெறும் குறியீடாகப் பார்த்துக் கடந்துவிடுவார். சொல் தேடி அலையும் உங்களாலும் என்னாலும் அப்படிக் கடக்க முடியுமா? மூன்று ரோமன் எழுத்தும் ஒரு சுழியும் கொண்ட அந்தச் சின்னஞ்சிறு பெயருக்குள் கிரேக்கரின் நெருப்பும், நம் வேள்விச் சுள்ளியும், இயற்பியலார் தேடிக் காணாத ஒரு பொருளும், கலிபோர்னிய ஆய்வுக்கூடம் ஒன்றும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. அவ்வடுக்குகளை நீக்கிப் பார்த்தவருக்கு இன்னொரு பயனும் உண்டு. கணினி ஏன் பேச மறுக்கிறது என்பதற்கான விடை, பல வேளைகளில் அந்தப் பெயரிலேயே எழுதியிருக்கும்.

மேலடுக்கு எளிது. ‘எத்’ என்பது ‘ஈத்தர்நெட்’ என்ற பெயரின் தலைத்துண்டு. பின்பாதியான ‘நெட்’ வலை. அதில் நின்று பார்க்க அதிகமில்லை. முன்பாதியில்தான் புதையல். 1973ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், பாலோ ஆல்டோ நகரில் சீராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பாப் மெட்கால்ஃப், உடன் பணிபுரிவோருக்கு ஒரு குறிப்பு எழுதினார். அங்கே உருவாகிவந்த ‘ஆல்டோ’ கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வழி பற்றியது அது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971இல் ‘அலோகா’ என்ற வலையால், வானொலி அலை வழியே, தீவுகளின் கணினிகளைப் பேச வைத்திருந்தார்கள். அதை அடியொற்றி எழுந்ததால் மெட்கால்ஃபின் வலையும் அதுவரை ‘ஆல்டோ அலோகா வலை’ என்றே வழங்கிவந்தது. இந்தக் குறிப்பில் பெயர் மாறியது. செய்தியைச் சுமக்கப்போவது இப்போதைக்குக் கம்பியாக இருந்தாலும், பின்னர் வானொலி அலையாகவோ தொலைபேசித் தடமாகவோ அது இருக்கக்கூடும். ஆகவே கம்பி என்று சொல்லிக் குறுக்கிவிடாமல் ‘ஈத்தர்’ என்று பொதுவாகச் சொல்வதே நல்லது என்பது அவர் காட்டிய காரணம். பெயரிடுவோர் எல்லோரும் பாடமாகக் கொள்ளத்தக்க தொலைநோக்கு இது. டேவிட் பாக்ஸின் துணையோடு அவர் கட்டிய முதல் வலை நொடிக்கு ஏறத்தாழ 29 இலட்சம் பிட்டுகளைக் கடத்தியது. இன்று அதே பெயர் தாங்கும் ஒளியிழைகள் நொடிக்கு 40,000 கோடி பிட்டுகளைக் கடத்துகின்றன. கம்பி என்று பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயர் எப்போதோ பொய்யாகியிருக்கும்.

ஏன் ஈத்தர்? அச்சொல் அதற்கு முன்பே இயற்பியலில் ஒரு முழு வாழ்வு வாழ்ந்து முடித்திருந்தது. நீரலைக்கு நீர் வேண்டும், ஒலியலைக்குக் காற்று வேண்டும். ஒளியும் அலையென்றால், கதிரவனிலிருந்து நம்மிடம் வரும்வரை எதன்மீது அது அசைந்து வருகிறது? கண்ணுக்குத் தெரியாத, எடையறியாத, எங்கும் நிறைந்த ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று ஹைகன்ஸ் காலந்தொட்டு மாக்ஸ்வெல் காலம்வரை அறிவியலார் நம்பினார்கள். ஒளியேந்தும் ஈத்தர் என்று அதற்குப் பெயரும் சூட்டினார்கள். 1887இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கல்சனும் மார்லியும், அந்த ஈத்தருக்குள் நம் புவி எவ்வளவு விரைவாக ஊடுருவிச் செல்கிறது என்று அளக்க முயன்றார்கள். எதிர்பார்த்த அளவு அகப்படவேயில்லை. 1905இல் ஐன்ஸ்டைன் அப்படியொரு பொருளே தேவையில்லை என்று எழுதினார். பொருள் போயிற்று, சொல் மிஞ்சிற்று. தான் எதுவும் பேசாமல் எல்லோர் பேச்சையும் சுமக்கும் ஊடகத்துக்கு அந்த மிஞ்சிய சொல்லை மெட்கால்ஃப் எடுத்துக்கொண்டார். அவருடைய முதல் வலையில் அது அப்படியே பொருந்தவும் செய்தது: ஒரே கம்பியில் எல்லாக் கணினிகளும் தொங்கின, ஒன்று பேசினால் அத்தனைக்கும் கேட்டது.

இன்னும் கீழே கிரேக்கம். அங்கே இச்சொல் ‘ஐதேர்’. ஹோமரின் காப்பியங்களில் மேகத்துக்குக் கீழே மூடுபனியும் ஈரமுமாய் நிற்கும் காற்று ஒன்று; மேகத்துக்கு மேலே, மலைமுகடுகளைத் தாண்டி, தேவர்கள் உலவும் தெளிந்த சுடர்வெளி இன்னொன்று. முன்னது ‘ஆஏர்’, பின்னது ‘ஐதேர்’. ஹெசியோட் சொல்லும் தேவர் வழிமரபில் ஐதேர் இரவின் பிள்ளை. ஒளியை ஈன்றது இருள் என்கிறது அக்கதை.

இந்தப் பெயரின் வேர் எது என்பதில் அந்தக் காலத்திலேயே வழக்கு நடந்திருக்கிறது என்பதைச் சொல்லும்போது எனக்கு உள்ளம் துள்ளுகிறது. பிளேட்டோவின் ‘கிராட்டிலஸ்’ பெயர்களின் பொருத்தத்தை ஆராயும் உரையாடல். நம்மவர்க்கு மிகவும் பிடித்துப்போகும் நூல். அதில் ஐதேர் என்பது ‘எப்போதும்’ என்ற சொல்லும் ‘ஓடுதல்’ என்ற சொல்லும் சேர்ந்து பிறந்ததாகப் பிரித்துக் காட்டப்படுகிறது. அரிஸ்டாட்டில் வானம் பற்றிய தம் நூலில் இந்தப் பிரிப்பை ஏற்றுக்கொண்டார். நிலம், நீர், தீ, காற்று ஆகிய நான்கும் மேலோ கீழோ செல்வன. விண்மீன்களைத் தாங்கும் மற்றொரு பொருளோ முடிவின்றி வட்டமிட்டு ஓடுவது. ஆகவே என்றும் ஓடுவது என்னும் பெயர் அதற்குத் தக்கதே என்றார். ஐதேர் என்றால் தீ என்று கொண்ட அனக்சகோரஸைப் பிழைபட்டவர் என்று அதே இடத்தில் கண்டித்தார். பின்னாளைய மொழியியலின் தீர்ப்பு கண்டிக்கப்பட்டவர் பக்கமே சாய்ந்தது. ‘எரிதல், சுடர்தல்’ என்று பொருள்படும் கிரேக்க வினையே இதன் வேர். எத்தியோப்பியா என்ற நாட்டுப் பெயரின் தலையில் நிற்பதும் இதே வினைதான். வெயிலில் எரிந்த முகத்தினர் என்று கிரேக்கர் அம்மக்களுக்குப் பெயரிட்டார்கள். இலத்தீனில் கோடைக்கு வழங்கிய சொல்லும் இந்தக் குடும்பத்தது. ஆனாலும், என்றும் ஓடுவது என்ற அந்தப் பிழையான பொருள், இரவும் பகலும் செய்தி ஓடிக்கொண்டிருக்கும் இன்றைய வலைக்கு எவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டது என்று பாருங்கள்.

இப்போது வேர் நம் பக்கம் திரும்புகிறது. கிரேக்கத்தில் ‘த’கரமாக ஒலிக்கும் மூச்சொலி, உடன்பிறந்த வடமொழியில் ‘த’கரத்தின் நான்காம் ஒலியாக, கனத்து ஒலிக்கும். எரித்தலுக்கு வடமொழியில் வழங்கும் வேர் ‘இத்’, அந்த நான்காம் ஒலியோடு. அதற்கு முன்னொட்டுச் சேர்ந்து வேள்வித் தீயில் இடும் குச்சிக்குப் பெயராயிற்று: நம் வீட்டு ஓமங்களில் அரசங்குச்சியும் ஆலங்குச்சியும் கட்டாகக் கட்டி விற்கப்படுகின்றனவே, அந்தச் சமித்து. விறகு, சுள்ளி என்ற தமிழ்ச் சொற்கள் அடுப்புக்கும், வடசொல்லான சமித்து வேள்விக்குமாகப் பங்கிட்டுக்கொண்டன. மலையாளத்தார் எரிபொருளை ‘இந்தனம்’ என்பார்களே, அதுவும் இதே வேர்தான். ஆக, இணைப்பு அறுந்த கணினியின் திரையில் நிற்கும் ‘எத்’தும் ஓமகுண்டத்தின் அருகில் கிடக்கும் சமித்தும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இந்த ஒலியுறவு தற்செயலாக அமைந்துவிட்டதோ என்று ஐயுறுவோர்க்கு இன்னொரு சான்று தருகிறேன். வடமொழியில் தேனுக்கும் இன்பானத்துக்கும் ‘மது’. தமிழிலும் அது குடியேறி நெடுநாளாயிற்று. அதன் கிரேக்க உடன்பிறப்பு ‘மெதூ’, திராட்சை மது. கிரேக்கச் சொல்லில் ‘கட்டை’ என்று பொருள்படும் வேறொன்றைச் சேர்த்து 1834இல் பிரான்சு வேதியியலார் படைத்த பெயரிலிருந்து கிளைத்ததே மெத்தனால். அதே 1834இல் செருமானிய வேதியியலார் லீபிக், ஈத்தருடன் அதே ‘கட்டை’ப் பகுதியைச் சேர்த்து ‘எதில்’ என்றார். அந்த வழியில் வந்தது எத்தனால். நோயாளியை உறங்கவைக்கப் பயன்பட்ட ஈத்தர் என்ற நீர்மத்துக்கு, கணத்தில் ஆவியாகி மேலே போய்விடும் அதன் இயல்பு கண்டு 18ஆம் நூற்றாண்டிலேயே வானப் பெயர் இட்டிருந்தார்கள். மெத்தனாலுக்குள் மது, எத்தனாலுக்குள் சமித்து! வேதியியல் வகுப்பில் இதைச் சொல்லித்தந்தால் அந்த இரு பெயர்களையும் எந்தப் பிள்ளை மறக்கும்?

சரி, தமிழில் அந்தச் சுடர்வெளிக்கு என்ன பெயர்? புறநானூற்றின் இரண்டாம் பாட்டு ஐம்பூதங்களை அடுக்கும்போது விசும்பு என்கிறது. வான், விண், வெளி என்று வேறு பெயர்களும் உண்டு. வடமொழி வழியாக வந்த ஆகாசம், தேசம் தேயமானதுபோலச் சகரம் யகரமாகி ஆகாயம் என்று தமிழுருக் கொண்டது. அதன் வேரை நோக்கினால் வியப்பு இன்னும் பெருகுகிறது: ‘காஸ்’, அதாவது ஒளிர்தல், பிரகாசத்தில் நிற்பதும் அதுவே. கிரேக்கர் எரிதலிலிருந்து வானுக்குப் பெயர் எடுத்தார்கள், வடமொழியார் ஒளிர்தலிலிருந்து எடுத்தார்கள், தமிழிலோ வெளியும் வெளிச்சமும் ஒரே சொற்குடும்பத்தில் குடியிருக்கின்றன. மேலே அண்ணாந்து பார்த்த மனிதர் எந்த மொழியினராயினும் முதலில் கண்டது ஒளியைத்தான் போலும். ஆகாயத்துக்கு உரிய குணம் ஓசை என்பது இந்நாட்டுத் தத்துவ மரபு. அந்த மரபில் வளர்ந்த காது, ஐரோப்பியர் வானொலி அலையை ‘ஈத்தரில்’ வருவதாகச் சொன்ன காலத்தில், வானையும் ஒலியையும் இணைத்து வானொலி என்று சொன்னது எவ்வளவு இயல்பு!

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. முடிந்தால் ஓர் உகரம் வந்து தாங்கும், அதுவும் குறுகி ஒலிக்கும். வடமொழியில் வெறும் தகர மெய்யோடு நின்ற சொல் நம்மிடம் சமித்து ஆனது அப்படித்தான். ‘நெட்டு வரல’ என்று இன்றைக்குத் தெருவெங்கும் கேட்கும் புலம்பலில் ‘நெட்’ நெட்டானதும் அவ்விதியாலேயே. எத்0 என்பதைச் சிலர் குறிலோடு ‘எத் ஜீரோ’ என்றும் சிலர் நெடிலோடு ‘ஈத் ஜீரோ’ என்றும் சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும் விரைவாகப் பேசும்போது நடுவில் அந்த உகரம் மெல்லத் தலைகாட்டும். உடனே தமிழில் எத்து என்றால் வஞ்சகம் ஆயிற்றே, எத்தன் என்றால் வஞ்சகன் ஆயிற்றே என்று உறவு கொண்டாடிவிடலாகாது. ஒலி ஒன்றாயிருப்பதாலேயே வேரும் ஒன்று என்று துணிவது நம் துறையில் பலரை வழுக்கி விழச்செய்த இடம்.

இனி அந்தச் சுழி. பெயரில் மிகச் சிறிய பகுதியே மிக நெடிய பயணம் செய்தது. வடமொழியில் சூனியம், வெறுமை. அரபியர் அக்கருத்தைத் தம் மொழியில் பெயர்த்து ‘சிஃப்ர்’ என்றனர். பீசா நகரத்து லியொனார்டோ, பிபனாச்சி என்று நாமறிந்தவர், 1202இல் எழுதிய கணக்கு நூலில் அதை இலத்தீனுக்குக் கொண்டுவந்தார். இத்தாலியத்தில் தேய்ந்து ‘ஜீரோ’ ஆயிற்று. அதே அரபுச் சொல் வேறொரு கிளையாகப் பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘சைபர்’ ஆனது. ஜீரோ என்றாலும் சைபர் என்றாலும் நாம் சொல்வது ஒரே அரபுச் சொல்லைத்தான். காவல்துறையின் ‘சைபர் குற்றப் பிரிவு’ என்பதில் வரும் சைபரை மட்டும் இதனோடு சேர்த்துவிடாதீர்கள். அது கப்பல் செலுத்தும் மாலுமியைக் குறித்த கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி வைத்திருந்த பழந்தமிழ் எண்முறைக்குச் சுழி தேவைப்படவில்லை. பின்னர் சேர்ந்தபோது அதன் வடிவையே பெயராக்கிச் சுழி, சுழியம் என்றோம்.

முதலாவதற்கு ஏன் 0 என்று எண்? கணினி எண்ணுவது வரிசையை அன்று, தொலைவை. தொடக்கத்திலிருந்து எத்தனை இடம் தள்ளி என்பதே அதன் கேள்வி. தொடக்கத்திலேயே நிற்பதற்குத் தொலைவு சுழி. தரைத்தளத்துக்கு மேலே இருப்பதை முதல் தளம் என்று நாம் சொல்வதில்லையா, அதே கணக்கு.

வேர்களிலிருந்து எழுந்து இப்போது இயந்திரத்துக்கு வருவோம். யுனிக்சின் பிற கிளைகளில் வாயிலுக்குப் பெயர் வைக்கும்போது அட்டையைச் செய்தவரையோ அதன் இயக்கியையோ நினைத்துப் பெயர் வைத்தார்கள். ரியல்டெக் அட்டைக்கு ஒரு பெயர், இன்டெல் அட்டைக்கு வேறொரு பெயர். லினக்ஸ் அந்தப் பாகுபாட்டை விட்டது. எவர் செய்த அட்டையானாலும் ஈத்தர்நெட் பேசினால் ‘எத்’. கண்டுபிடிக்கப்பட்ட வரிசையில் 0, 1, 2. எளிமையும் சமத்துவமும் உள்ள முறை. எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. குறை அந்த வரிசையில்தான் இருந்தது. இரண்டு அட்டைகள் உள்ள கணினியில், இயக்கிகள் எழும் வேகத்தைப் பொறுத்து, நேற்றைய எத்0 இன்று எத்1 ஆகலாம். உள்வலையை ஒன்றிலும் வெளியுலகை மற்றொன்றிலும் கட்டிக் காவல்வைத்த கணினியில் அப்படி இடம் மாறினால், காவல் தவறான வாசலில் நிற்கும்.

இதைத் தீர்க்க ‘யூடெவ்’ என்ற துணைநிரல் ஒரு பதிவேடு வைத்துக்கொண்டது. ஒவ்வோர் அட்டைக்கும் உற்பத்தியின்போதே பதிக்கப்படும் வன்பொருள் முகவரியைக் குறித்துவைத்து, இந்த முகவரிக்காரர்தான் எத்0 என்று நினைவில் நிறுத்தியது. நல்ல ஏற்பாடு, ஆனால் அதுவே ஒரு புதுக் கோளாற்றைப் பெற்றெடுத்தது. மழைக்கால இடியில் அட்டை கருகிப்போய்ப் புதிய அட்டை மாட்டுகிறார்கள் என்று வையுங்கள். பதிவேட்டில் எத்0 என்ற பெயர் கருகிப்போன அட்டைக்கே உரியதாக எழுதியிருக்கும். வந்தவருக்கு எத்1தான் கிடைக்கும். முகவரி, வாயிற்கணினி முதலான அமைப்புகளோ எத்0 என்ற பெயரில் எழுதப்பட்டவை. கம்பி சரி, அட்டை சரி, ரவுட்டர் சரி, ஆனால் இணைப்பு இல்லை. ‘எத்0 என்றொரு சாதனம் இல்லை’ என்ற ஒற்றை வரி மட்டும் திரையில் வரும். மெய்நிகர் கணினிகளைப் படியெடுத்தபோதும் இதுவே நேர்ந்தது, படிக்குப் புதிய வன்பொருள் முகவரி கிடைத்ததால். பதிவேட்டிலிருந்து பழைய வரியை அழித்துவிட்டுக் கணினியை மறுபடி எழுப்பினால் பெயர் திரும்பிவரும். பெயரைக் கவனியாமல் கம்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தவர்கள் இதைக் கண்டுகொள்ளப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று.

2013 சனவரியில், லினக்ஸை எழுப்பி நடத்தும் ‘சிஸ்டம்டி’யின் 197ஆம் பதிப்பு வேறு வழியை எடுத்தது. கண்ட வரிசையால் பெயர் வைக்காமல், இருக்கும் இடத்தால் பெயர் வைப்பது. லினக்ஸ் வெளியீடுகளுள் 2014இல் ரெட் ஹாட்டின் 7ஆம் பதிப்பும் 2017இல் டெபியனின் 9ஆம் பதிப்பும் இதை ஏற்றன. ‘என்பி3எஸ்0’ என்பதைப் பிரிப்போம். ‘என்’ ஈத்தர்நெட்டின் சுருக்கம். எத்தில் ஈத்தர் மட்டும் இருந்தது, என்னில் அதன் முதலெழுத்தோடு நெட்டின் முதலெழுத்தும் வந்து சேர்ந்தது. புதுச் சுருக்கமென்று எண்ணிவிடாதீர்கள்: 1983இல் வெளிவந்த பெர்க்லி யுனிக்சில் சீராக்ஸின் பழைய ஈத்தர்நெட் அட்டைக்கு ‘என்’ என்றே பெயர். ‘பி3’ என்றால் பிசிஐ என்ற அமைப்பின் மூன்றாம் எண் பஸ். ‘எஸ்0’ அதில் சுழியாம் செருகிடம். வைஃபைக்கு ‘என்’ இருக்குமிடத்தில் ‘டபிள்யூஎல்’. யூஎஸ்பியில் செருகும் அட்டைக்கு இடம் நிலையில்லை என்பதால் ‘என்எக்ஸ்’ என்று தொடங்கி வன்பொருள் முகவரியே முழுதுமாகப் பின்னால் நீளலாம். மதர்போர்டிலேயே பதிந்தது ‘என்ஓ1’ எனப் பெறலாம்.

பஸ் என்றதும் நிற்காமல் போக முடியவில்லை. 1820களில் பிரான்சில் எவரும் ஏறலாம் என்று விட்ட குதிரைவண்டிக்கு ‘ஆம்னிபஸ்’ என்று பெயர், இலத்தீனில் ‘எல்லோருக்கும்’. மக்கள் வாயில் முன்பாதி உதிர்ந்து ‘பஸ்’ நின்றது. உதிராமல் நின்றது எது தெரியுமா? நான்காம் வேற்றுமைப் பன்மை உருபு மட்டும்! தமிழில் ‘எல்லோருக்கும்’ என்பதிலிருந்து எல்லோரை விட்டுவிட்டு ‘உக்கும்’ என்று ஒரு வண்டிக்குப் பெயர் வைத்ததற்கு ஒப்பு. அந்த உருபுதான் மின்னாற்றலை எல்லாக் கருவிக்கும் பொதுவாகக் கொண்டுசெல்லும் தண்டுக்குப் பெயராகி, அங்கிருந்து கணினிக்குள் எல்லா அட்டைக்கும் பொதுவான பாதைக்குப் பெயரானது. பெயரடி இல்லாத உருபு ஒன்று தனியே நின்று இத்தனை வேலை செய்யும் கதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இடத்தால் வைத்த பெயருக்கும் ஓர் இடர் உண்டு. புதிதாக ஒரு வரைகலை அட்டையோ சேமிப்பு அட்டையோ மாட்டினால் பஸ் எண்கள் நகரலாம். நேற்று என்பி3எஸ்0 ஆக இருந்தது இன்று என்பி4எஸ்0. பழைய எண்ணில் எழுதிய அமைப்பு பெயருக்குரியவரைக் காணாமல் திகைக்கும். இத்தகைய நாளில் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையின் பட்டியலையும் பெயரையும் ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பட்டியல் பதினாறின் அடிமானத்தில் எண்ணும், பெயர் பத்தின் அடிமானத்தில் எண்ணும். பட்டியலில் ‘0ஏ’ என்றிருந்தால் பெயரில் 10 என்று தேடவேண்டும்.

எத்0 இறந்துவிட்டதா என்றால் இல்லை. லினக்ஸின் உட்கருவான கர்னல் இன்றும் ஒவ்வொரு முறை எழும்போதும் முதல் அட்டைக்கு அந்தப் பெயரைத்தான் வைக்கிறது. நொடிப்பொழுதில் சிஸ்டம்டி வந்து மாற்றிவிடுகிறது. கர்னல் எழுதும் ‘டிமெசெக்’ பதிவைத் திறந்து பாருங்கள், எத்0 என்பதிலிருந்து பெயர் மாற்றப்பட்டது என்ற வரி அட்டையின் பெயரோடு நிற்கும். டாக்கர் பெட்டகங்களுக்குள் நுழைந்தால் அங்கே வாயிலின் பெயர் இன்றும் எத்0தான். வெளிப்பக்க முனைக்கு ‘வீஎத்’, மெய்நிகர் ஈத்தர். ‘ஐபி லிங்க்’ காட்டும் பட்டியலிலோ, பெயர் எதுவாக மாறியிருந்தாலும், இரண்டாம் வரியில் வன்பொருள் முகவரிக்கு முன்னால் ‘லிங்க்’, ஒரு சாய்கோடு, பிறகு ‘ஈத்தர்’. சுருக்கமில்லை, வெட்டில்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட சொல் தன் முழு உருவில்.

முதல் வரியில் இன்னொரு சொல்லையும் பார்ப்போம்: ‘நோ கேரியர்’. சாப்பாட்டு அடுக்கையும் சைக்கிளின் பின்தட்டையும் கேரியர் என்று வழங்கும் நமக்கு அது சுமப்பது என்று தெரிந்ததே. காலிய மொழியில் வண்டியைக் குறித்த பழஞ்சொல்லின் வழிவந்தது, நம் ‘கார்’ அதன் உடன்பிறப்பு. ஒரே கம்பியைப் பலரும் பகிர்ந்த நாளில், பேசுமுன் கம்பியில் வேறு குரல் ஓடுகிறதா என்று ஒவ்வொரு கணினியும் செவிமடுத்தது. அந்தக் குரலைச் சுமக்கும் அலையே ‘கேரியர்’; பெயரளவில் அது இன்றும் நிற்கிறது. ‘நோ கேரியர்’ என்று கண்டால் முகவரியைத் திருத்திப் பயனில்லை; கம்பியையும் மறுமுனையையும் பாருங்கள். ‘நோ கேரியர்’ என்ற சொல் இல்லாமல் பெயரும் சரியாக இருந்தால், முகவரி கிடைத்திருக்கிறதா, ரவுட்டர் மறுமொழி தருகிறதா, வெளியிலுள்ள எண்முகவரி ஒன்று மறுமொழி தருகிறதா என்று படிப்படியாகப் போகலாம். எண்ணுக்கு மறுமொழி வந்து பெயருக்கு வராவிட்டால் தளப்பெயர்களை எண்ணாக்கும் சேவையில் குறை. அது வேறொரு பெயர்க்கதை, தனிக் கட்டுரைக்குரியது.

பெயர் பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளும் உரிமையும் லினக்ஸில் உண்டு. வன்பொருள் முகவரியைச் சுட்டி, விரும்பும் பெயரை ஓர் அமைப்புக் கோப்பில் எழுதினால் அட்டை எங்கு நகர்ந்தாலும் அந்தப் பெயர் நிலைக்கும். பெயர் 15 பைட்டுக்குள் அடங்கவேண்டும். சிஸ்டம்டியின் கோப்பு ரோமன் எழுத்தையே ஏற்கும். கர்னலுக்கு அந்தத் தடையில்லை. வாயிலைக் கீழிறக்கிவிட்டு ‘ஐபி’ கட்டளையால் நேராகப் பெயர் சூட்டினால் தமிழையும் அது ஏற்கும். யூனிகோடில் நம் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனியே மூன்று. அந்தக் கணக்கில் விசும்பு 24 பைட்டு, இடம் போதாது. மெட்கால்ஃப் வேண்டாமென்று ஒதுக்கிய ‘கம்பி’ சரியாக 15. ‘வான்0’ 13 பைட்டு, தாராளமாக அடங்கும்.